ஒரே காரில் அம்மாவும் பந்தயமும்

டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய வேறு சில விவரங்களையும் நானே மாற்றிவிட்டேன். வயது 29. ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். 2008ஆம் ஆண்டு சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓட்டுகிறார், இன்னும் 19 தவணை பாக்கி. வீட்டில் மனைவி, நான்கு வயது மகள், முழங்கால் வலியோடு அம்மா. மாதம் ஒருமுறை அம்மாவைக் கண்டி வைத்தியசாலைக் கிளினிக்குக் கூட்டிப் போவதும் இதே காரில்தான். சீட்டுக் காசும் சேமிப்புமாகக் கையில் 22 இலட்சம் இருக்கிறது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து நுவரெலியாவில் ஏப்ரல் பந்தயம் பார்த்த நாளிலிருந்து தானும் ஒருநாள் ஓட்ட வேண்டும் என்று ஆசை.

அவருடைய திட்டம் இது. சுவிஃப்டின் பின்சீட்டைக் கழற்றி ரோல் கேஜ் என்கிற இரும்புக் குழாய்க் கூண்டு அடிப்பது, ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்துவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ பூட்டுவது, நேர்க்குழாய் சைலன்சர் போடுவது. "பின்சீட்டைத் தேவையானபோது திரும்பப் பூட்டலாம். கேஜ் இருந்தால் வீட்டு ஆட்களுக்கும் பாதுகாப்புத்தானே சேர்?" என்று கேட்கிறார். இன்னொரு பக்கம், கண்டியில் ஒருவர் போட்டிக்கென்றே தயாரித்த நிசான் மார்ச் ஒன்றை 16 இலட்சம் சொல்கிறாராம். பதிவுப் புத்தகம் இல்லாத கார். "ரோட்டில் ஓட்ட முடியாத தகரத்துக்கு 16 இலட்சமா?" என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். மனைவியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று: "இரவு பத்து மணிக்குப் பிறகு ரதெல்ல குறுக்கு வீதியில் ஓட்டிப் பழகுகிறேன். அதனால் அனுபவம் இருக்கிறது."

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஜனவரியில் அந்த வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்கள் போயின. உங்கள் பக்கத்துச் சனங்களுக்கு இதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எதிரே யாரும் வராத இரவுகளைத்தான் நீங்கள் அங்கே அனுபவம் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். மூடாத வீதியில் டயரின் பிடி எங்கே விடுகிறது என்று தேட முடியாது. தேடினால் ஒருநாள் அதைக் கண்டுபிடிப்பது எதிரே வரும் மரக்கறி லொறிக்காரராக இருக்கும். அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். இதில் பேரம் இல்லை.

பந்தயத் திடல் என்றால் தானாகவே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், எட்டு வயதுச் சிறுமியும் அதில் ஒருத்தி. ஆசையை அடக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நானும் அந்த ஆசை பிடித்த ஆள்தான். இருபத்துநாலு வயதில் பழைய டட்சன் ஒன்றின் முன் ஸ்பிரிங்கை வாளால் அறுத்துத் தாழ்த்தினேன். மூன்றாம் நாள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு நழுவி, கார் தேயிலைச் செடிக்குள் போய் நின்றது. பிறகு மோட்டார் பொறியியல் படித்து, காப்புறுதிக்காக விபத்து வாகனங்களை மதிப்பிட்டு, சில வருடம் போட்டிகளில் வாகனப் பரிசோதகராகவும் நின்றேன். அந்த மூன்றிலும் பார்த்ததை வைத்துத்தான் பதில்.

கேஜ் யாரைக் காப்பாற்றும்?

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது டர்போ இல்லை, கேஜ். கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கத்தான் கேஜ். ஆனால் அது வேலை செய்வதற்கு உள்ளே இருப்பவர் தலைக்கவசம் போட்டு, ஆழமான பந்தய ஆசனத்தில், பல முனைப் பட்டியால் அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். சாதாரண மூன்று முனைப் பட்டி போட்டவரின் உடம்பு மோதலில் நன்றாக ஆடும். அந்த ஆட்டத்தில் தலை போகிற இடத்தில்தான் இப்போது இரும்புக் குழாய் நிற்கிறது. அம்மா கவசம் போட்டுக்கொண்டா கிளினிக்குப் போவார்? மகள் பின்னால் உட்கார்ந்தால் கேஜின் பின்கால்கள் அவள் முகத்துக்கு நேரே வரும். பக்கவாட்டுக் காற்றுப்பைகள் உள்ள காரென்றால் அவை விரிவதற்கும் அந்தக் குழாய் இடைஞ்சல். இன்னும் சின்ன விஷயம் ஒன்று. கதவுப் பக்கம் குறுக்கே வரும் குழாயைத் தாண்டித்தான் உள்ளே ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு மதில்.

பின்சீட்டைத் திரும்பப் பூட்டலாம் என்கிறீர்கள். கேஜைத் தரையோடு ஒட்ட வைத்த பிறகு பெரும்பாலும் சீட்டு அதன் இடத்தில் உட்காராது. ஒரு ஏப்ரலில் நுவரெலியா மழையில் பரிசோதனைக்கு வந்த ஒரு காரைக் குனிந்து பார்த்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே புதுப் பட்டி. அந்தப் பட்டியின் ஆணி, பின்தகடு ஒன்றும் இல்லாமல், துருப்பிடித்த தரைத் தகரத்தில் நேராக முறுக்கப்பட்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டினேன், தகரம் உள்ளே போய்விட்டது. தோள்பட்டி ஆசனத்துக்குப் பின்னால் செங்குத்தாகத் தரைக்கு இறங்கியிருந்தாலும் அதேபோல் ஆபத்து; மோதலில் அது முதுகெலும்பை மேலிருந்து நசுக்கும். அந்தக் காரைத் திருப்பி அனுப்பினோம். பையன் அழுதான். அவனுடைய அப்பா என்னோடு சண்டைக்கு வந்தார்.

125 குதிரைவலு போதாதா?

மலையில் எஞ்சினுக்கு டர்போ வேண்டும் என்ற உங்கள் ஊகம் பாதி சரி. மலையில் காற்று ஐதானது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதில் 83 வீதம் அளவில்தான். டர்போ இல்லாத எஞ்சின் அதே விகிதத்தில் மூச்சிழக்கும். உங்கள் சுவிஃப்டின் 125 குதிரைவலு அங்கே 104 அளவில் நிற்கும். டர்போ இருந்தால் அந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்கலாம், உண்மைதான்.

ஆனால் அந்த எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது எரியுமுன் கலவையை அது நசுக்கும் அளவு, 11.1க்கு 1. டர்போ இல்லாமல் நன்றாகப் பாடுவதற்கென்று செய்த எஞ்சின் அது. அதன் தலையில் டர்போவை வைத்து நம்மூர் 92 ஒக்டேனை ஊற்றினால் தட்டல் வரும், அதாவது பெட்ரோல் கலவை தானாகவே கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும். 95 ஊற்றினாலும் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட வரும். தட்டல் பிஸ்டனை உடைக்கும். அப்புறம் பிஸ்டன் மாற்ற வேண்டும், கிளட்ச் மாற்ற வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். ஒன்றை மாற்றினால் அடுத்தது கை நீட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால் மலிவு என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால் மொத்தம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் உதிரிப்பாகம் விற்பவர். ஒரு சாமான் கடை வாசலைத் தாண்டியதும் அதன் விலைக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மார்ச்சைச் செய்தவர் போட்ட காசில் அந்த விலை இறக்கத்தை அவரே சுமந்து முடித்துவிட்டார். அதுதான் தயாரான பந்தயக் காரின் உண்மையான மலிவு.

தாழ்த்துவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் வீட்டுக்குத் திரும்பும் தோட்ட ரோட்டை நினைத்துப் பாருங்கள், பிறகு எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள்.

பிரேக்: எழுதாமல் விட்டது

மாற்றங்களின் பட்டியலில் பிரேக் இல்லை. எனக்கென்றால் அதுதான் முதல் வரி. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றரில் இருக்கிறது, கண்டி 500இல். ஆட்களோடு 1,300 கிலோ வரும் கார் அந்த 770 மீற்றர் இறங்கும்போது வெளிவிடும் சக்தி, ஏறக்குறைய 29 லீற்றர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினும் நிறைய வாங்கும், மிச்சம் முழுவதும் பிரேக்குக்கு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரமே 155க்கு இறங்கிவிடுகிறது. கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் இருக்கும், மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். எங்கள் மூடுபனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். சுவிஃப்டை வாங்கியதிலிருந்து நீங்கள் மாற்றினீர்களா?

அதற்காகப் பந்தய பிரேக் பேட் வாங்கிப் போடாதீர்கள். அவை சூடேறிய பிறகுதான் கடிக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிரில் கிளம்பி முதல் வளைவில் மிதிக்கும்போது அவை தூக்கத்தில் இருக்கும். பந்தய டயருக்கும் இதே குணம். தடத்தில் நல்லது வீதியில் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குத் தேவைப்படுகிற காரும் உங்கள் ஆசைக்குத் தேவைப்படுகிற காரும் ஒவ்வொரு ஆணியிலும் முரண்படுகின்றன.

கடதாசி விஷயம்

லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம்தான். நீங்கள் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் மட்டும். அவர்கள் காரை அவர்களைக் கேட்காமல் வெட்டி ஒட்டுவது ஒப்பந்த மீறல். ஒப்பந்தத்தை எடுத்து, மாற்றம் பற்றிய பந்தியை வாசியுங்கள். அப்புறம், பதிவில் உள்ள விவரத்தோடு பொருந்தாத மாற்றங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி பெற வேண்டும். நேர்க்குழாய் சைலன்சருக்காக, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் கழற்றினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டக்கூடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. சத்தத்துக்குப் பொலிஸ் நிறுத்துவது வேறு கதை.

"முழுக் காப்புறுதி இருக்கிறது, பயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். வழக்கமான மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விதிவிலக்கு. அது மட்டுமில்லை. மாற்றங்களை அறிவிக்காமல் விட்டால், ஹட்டன் சந்தியில் யாரோ பின்னால் இடித்த சாதாரண விபத்தில்கூட உங்கள் கோரிக்கையைக் கேள்விக்குட்படுத்த அவர்களுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். மதிப்பீட்டாளர் முதலில் படம் எடுப்பது அந்தக் கேஜைத்தான்.

இப்போது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் மார்ச்சை மண்மேட்டில் கொண்டுபோய் மோதுகிறீர்கள். 16 இலட்சம் போச்சு, வயிறு எரியும். ஆனால் திங்கட்கிழமை சுவிஃப்டில் கடைக்குப் போவீர்கள். இன்னொன்றில் மோதியது சுவிஃப்ட். காப்புறுதி இல்லை, லீசிங்காரருக்கு 19 மாதம் செத்த காருக்குத் தவணை, அம்மா கண்டிக்கு பஸ்ஸில். கூட்டாளிகள் தகரம் என்று சிரிக்கிற காருக்காகவே நான் பேசுவது இந்தக் கணக்கினால்.

மார்ச்சைப் பார்க்கப் போனால்

அதற்காக 16 இலட்சத்தை நாளைக்கே எண்ணிக் கொடுக்கவும் சொல்லவில்லை. புத்தகம் இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். பழைய காரின் பதிவை முறையாக முடித்துவிட்டு பந்தயத்துக்கு எடுத்திருக்கலாம். அல்லது அந்த உடல் யாருடையது, எப்படி நாட்டுக்குள் வந்தது என்று சொல்ல முடியாத காராக இருக்கலாம். செசி இலக்கத்தை நீங்களே நேரில் பாருங்கள்; சுரண்டல், மறு அச்சு, ஒட்டுத் தடம் தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இலக்கம் சுத்தமாக இருந்தால், பழைய பதிவு விவரத்தைக் கேட்டு அதைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்துங்கள். விற்பனையைச் சட்டத்தரணி முன் எழுதி, செசி, எஞ்சின் இலக்கங்களோடு கையெழுத்து வாங்குங்கள். புத்தகம் இல்லாத கார் ஒரு கிலோமீற்றர்கூட வீதியில் ஓடக்கூடாது, கராஜிலிருந்து பெட்ரோல் செட்டுக்குக்கூட. கரியர் லொறியில்தான் போக வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் அந்த லொறிக் கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேஜின் பாதங்கள் தரையைத் தொடுகிற இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், நான் தட்டியதுபோல. ஒட்டு முழுச் சுற்றும் போயிருக்கிறதா, கூரைப் பக்கம் எட்டவில்லை என்று பாதியில் விட்டிருக்கிறார்களா என்று விரலை விட்டுத் தடவுங்கள். பட்டியில் தைத்திருக்கும் லேபிளில் காலாவதி ஆண்டு இருக்கும். சர்வதேசத் தரப் பட்டிகளுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். பெரும்பாலும் அது முடிந்திருக்கும், அதை விலையில் குறைக்கலாம். கடைசியாக எந்த வகுப்பில், எந்தப் போட்டியில் ஓடியது என்று கேட்டு, அந்த ஏற்பாட்டாளர்களிடமே இந்தக் கார் இப்போதைய விதிக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். மார்ச்சுக்கென்றே உள்ளூரில் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள், அது ஒரு வசதி. 800 கிலோ அளவிலான சின்னக் கார்; டயரையும் பிரேக்கையும் மெதுவாகத்தான் தின்னும். வேகம் குறைவு என்று கூட்டாளிகள் சொல்வார்கள். வேகம் குறைந்த காரில்தான் உங்கள் பிழை உங்களுக்குத் தெரியும்.

22 இலட்சத்தையும் காருக்கே கொட்டாதீர்கள். ஆறு இலட்சமாவது தனியே இருக்கட்டும்: தலைக்கவசம், தீ தாங்கும் உடுப்பு, புதுப் பட்டி, தீயணைப்பான், ஒரு செட் டயர், லொறிக் கூலி, அனுமதிக் கட்டணம். அவ்வளவும் முதல் வருடத்திலேயே வரும். அதற்கு மேல் கடையின் முதலில் கை வைக்க வேண்டிவந்தால் கார் வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று செய்யலாம். நீங்கள் கேட்காத மூன்றாவது வழி இது. இந்த வருடம் எதையும் வாங்காமல், போட்டியில் ஓடுகிற ஏதாவது ஓர் அணிக்கு உதவியாளராகப் போங்கள். உதிரிப்பாகம் தெரிந்த பையனை எந்த அணியும் வேண்டாம் என்று சொல்லாது. டயர் மாற்றுங்கள், இரவிரவாக கியர்பெட்டி இறக்குங்கள், சேறு துடையுங்கள். ஆசை அதற்குப் பிறகும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாங்கினால், முதலில் மலையேற்றப் போட்டிக்குப் போங்கள், நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டைப் போட்டி மாதிரி. ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு ஓடுவது. பக்கத்தில் இடிப்பவர் இல்லை, துரத்துபவர் இல்லை, மூடிய வீதி. ரதெல்லப் பக்கமும் அப்படி நடத்தியிருக்கிறார்கள். நீங்கள் இரவில் தேடிப் போனது அங்கே பகலில் கிடைக்கும். எந்தப் போட்டிக்கு என்ன உரிமம் வேண்டும் என்பதை ஏற்பாட்டாளர் சொல்வார்.

மனைவியிடம் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சீட்டுக் காசில் அவருடைய மாதங்களும் இருக்கின்றன. கேஜ் ஒட்டிய சுவிஃப்டைக் கண்டு அவர் தெரிந்துகொள்வதைவிட, கண்டிக்கு அவரையும் கூட்டிப்போய் மார்ச்சைக் காட்டுவது நல்லது. கதவுக் குழாயைத் தாண்டி அவரே ஒருமுறை உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

சுவிஃப்டுக்கு ஒரே ஒரு செலவு செய்யுங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் திகதி எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன் பிரேக் எண்ணெயை முழுவதும் இறக்கிப் புது டொட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்துப் பிரேக் குழாய்களிலும் உள்ள காற்றை வெளியேற்றிவிடுங்கள்.